அமெரிக்க வரலாறு: பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்?

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அலுவலகம் விட்டு வரும் குமாஸ்தா ஒருவர், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறார். பையன் ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. வெளிநாட்டுப் பெரியார் ஒருவரைப் பற்றி எழுதி வரும்படி வாத்தியார் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் குவியலிலிருந்து உருவி உருவி நீட்டுகிறார்: வாஷிங்டன், லிங்கன், எடிசன், ஹெலன் கெல்லர். தந்தை அட்டையைப் பார்க்கிறார். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பேரம் பேசி ஒன்றை வாங்கிவிடுகிறார். உள்ளே இருப்பது மெய்தானா என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. ஆங்கிலம் போதாமை இதற்குக் காரணம் அல்ல. அச்சில் வந்தது பொய்யாக இராது என்ற பழைய நம்பிக்கைதான் காரணம்.

பிள்ளைகள் அமெரிக்க வரலாற்றைப் படிப்பது நல்லதே. உலகத்தின் போக்கை நிர்ணயிக்கிற நாடு அது. நாளை அந்தப் பையனே அங்கு வேலைக்குப் போக நேரலாம். ஆனால் குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட அமெரிக்க வாழ்க்கை வரலாறுகளில் பெரும் பகுதி, நடந்ததைச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. நல்ல பிள்ளைகளை உருவாக்குவதற்காக எழுதப்பட்டவை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, மாதத்துக்கு ஒரு புத்தகம் வாங்குவதே பெரும்பாடு என்றிருக்கும் குடும்பங்கள்தான் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். அலமாரி நிறையப் புத்தகம் உள்ள வீட்டில் ஒரு பொய்ப் புத்தகத்தை இன்னொரு புத்தகம் திருத்திவிடும். ஒரே புத்தகம் உள்ள வீட்டில் அதைத் திருத்துவார் யாருமில்லை.

செர்ரி மரத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் கோடரியால் தகப்பனாரின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டான். கேட்டபோது பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான். தகப்பனார் கட்டித் தழுவிக்கொண்டார். இந்தியப் பள்ளிகளிலும் இந்தக் கதையைக் கேட்காத மாணவர் அரிது. வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டே மேசன் வீம்ஸ் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டுவிட்டார். வீம்ஸ் ஒரு பாதிரியார். அதோடு ஊர் ஊராக வண்டியில் சென்று புத்தகம் விற்றவர். வாங்குகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்பது விற்கிறவருக்குத் தெரியாதா? முதல் பதிப்பில் செர்ரி மரம் இல்லை. 1806-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது முளைத்தது. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இன்று வரை கிடைக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது என்பதைக் கற்பிக்க இட்டுக்கட்டிய கதை ஒன்று இருநூறு ஆண்டுகளாக வகுப்பறைகளில் உலவி வருகிறது!

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. வீம்ஸின் புத்தகத்தைச் சிறு வயதில் படித்தவர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். 1861 பிப்ரவரியில், ஜனாதிபதிப் பதவி ஏற்கச் செல்லும் வழியில், நியூ ஜெர்சி சட்டசபையில் அவர் அந்தப் புத்தகத்தை நினைவு கூர்ந்தார். அவர் மனத்தில் நின்றது செர்ரி மரம் அல்ல. பனிக்காலத்தில் ஆற்றைக் கடந்து டிரென்டனில் நடந்த சண்டையும், அந்தச் சிப்பாய்கள் பட்ட துன்பமும்தான். எதற்காக இவர்கள் இவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று அந்தச் சிறுவன் யோசித்திருக்கிறான். பொய்க் கதைகள் நிறைந்த புத்தகத்திலும் மெய்யான பகுதியைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் லிங்கன் ஆகிவிட முடியாது.

லிங்கன் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தம் மகனின் தலைமை ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம் என்று ஒன்று இந்தியாவில் பல பள்ளிகளின் சுவர்களில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்குகிறது. ஆண்டு விழாக்களில் அதைப் படிக்கிறார்கள். லிங்கனின் எழுத்துக்களையெல்லாம் திரட்டி 1953-ல் வெளியிட்ட தொகுப்பில் அந்தக் கடிதம் இல்லை. அவர் எழுதியதற்கு ஆதாரமே இல்லை. எடிசனின் கதையும் அப்படித்தான். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் உங்கள் மகன் மந்தபுத்தி என்று எழுதியிருந்ததாம்; தாயார் கண்ணீருடன் அதை, உங்கள் மகன் மேதை என்று மாற்றிப் படித்தாராம்; பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்து எடிசன் அழுதாராம். தமிழ் மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்காத பேச்சாளர் குறைவு. எடிசன் தாமே சொன்னது வேறு. ஆசிரியர் தன்னை மூளை குழம்பியவன் என்று சொன்னதை அவரே காதால் கேட்டு, வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னார். தாயார் பள்ளிக்குச் சென்று ஆசிரியருடன் வாதாடி, பையனை அழைத்து வந்து வீட்டிலேயே கற்பித்தார். மகனிடம் மறைத்து அழுத தாயைவிட, பள்ளிக்கூடம் ஏறிப் போய்ச் சண்டையிட்ட தாய் எந்த விதத்தில் குறைந்தவர்? மெய்க் கதை இருக்கும்போது பொய்க் கதைக்கு என்ன அவசியம் வந்தது என்பதுதான் புரியவில்லை.

நடைபாதைக் குவியல்களில் கிடைக்கும் பழைய அமெரிக்கப் புத்தகங்களில் இரண்டு வரிசைகளைக் குறிப்பிடலாம். ஒன்று, 1932-ல் தொடங்கிய "புகழ்பெற்ற அமெரிக்கர்களின் குழந்தைப் பருவம்" என்ற வரிசை. ஆரஞ்சு நிற அட்டையும் நிழலுருவப் படங்களுமாக அங்கே பல தலைமுறைகள் விரும்பிப் படித்தவை. படிக்க இனிமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐந்து வயது லிங்கன் அக்காளிடம் என்ன பேசினான் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் போல எழுதுவது எப்படி வரலாறு ஆகும்? அவற்றைக் கதை என்று சொல்லிக் கொடுத்தால் தவறில்லை. வரலாறு என்று சொல்லிக் கொடுக்கலாகாது. மற்றது, 1950-ல் தொடங்கிய "லாண்ட்மார்க்" வரிசை. பெயர் பெற்ற எழுத்தாளர்களையும் பத்திரிகையாளர்களையும் கொண்டு எழுதுவித்தார்கள். ரைட் சகோதரர்களைப் பற்றி எழுதிய குவென்டின் ரெனால்ட்ஸ் போர்முனை நிருபராக இருந்தவர். நடை விறுவிறுப்பு. இவை எவ்வளவோ மேல். எனினும் அந்தக் காலத்து அமெரிக்கா தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டதோ அதுதான் அவற்றில் இருக்கும். செவ்விந்தியர்கள் எதிரிகளாக வருவார்கள். நீக்ரோ அடிமைகள் பெரும்பாலும் வரவே மாட்டார்கள்.

இந்த வராமை சாதாரணமானது அல்ல. வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்கே சொந்தமானவர்கள். மனைவியின் காலத்துக்குப்பின் தம் அடிமைகளை விடுதலை செய்யும்படி உயில் எழுதி வைத்தார். அதையும் சொல்ல வேண்டியது நியாயம். ஓனா ஜட்ஜ் என்ற இளம் பெண் 1796-ல் அந்த ஜனாதிபதியின் வீட்டிலிருந்து தப்பி ஓடினாள். அவளைத் திரும்பப் பிடிக்க ஆள் அனுப்பினார்கள்; பிடிபடவில்லை. எரிகா ஆம்ஸ்ட்ராங் டன்பார் என்ற வரலாற்றாசிரியை 2017-ல் இவளைப் பற்றி ஒரு நூல் எழுதி, 2019-ல் அதைச் சிறுவர்களுக்கு ஏற்றபடியும் தந்திருக்கிறார். வாஷிங்டனின் சமையற்காரர் ஹெர்குலிஸும் ஓர் அடிமையே. அவர் தம் மகளுடன் சிரித்துக்கொண்டே ஜனாதிபதிக்குப் பிறந்தநாள் கேக் செய்வதாக ஒரு படப் புத்தகம் 2016 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் பதிப்பகமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஹெர்குலிஸ் 1797-ல் ஓடிப் போனார். ஓடிப் போன நாள் வாஷிங்டனின் பிறந்தநாள் என்பது எழுதினாலும் நம்ப மாட்டார்கள்; ஆனால் அதுதான் நடந்தது.

பிள்ளைகளுக்கு வீரர்களைக் காட்ட வேண்டும், அவர்களுடைய குறைகளைக் காட்டக்கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அது முழுவதும் தவறான வாதம் அல்ல. எட்டு வயதுக் குழந்தையிடம் மனிதனின் கயமையையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் அரைகுறையாகச் சொல்வதால் வீரம் கூடுவதில்லை. பல சமயம் குறைகிறது. ரோஸா பார்க்ஸ் கதையில் இது தெளிவாகத் தெரியும். வேலை முடிந்து களைத்துப்போன தையற்காரி ஒருத்தி, கால் வலி தாளாமல் பஸ்ஸில் இடம் விட மறுத்தாள் என்று பல குழந்தைப் புத்தகங்கள் எழுதுகின்றன. 1955 டிசம்பர் 1-ஆம் தேதி மான்ட்கோமரியில் கைதானபோது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக உழைத்தவர். உடம்பு களைத்து அல்ல, அடங்கிப் போவதில் களைத்துத்தான் எழுந்திருக்கவில்லை என்று தம் வரலாற்றில் அவரே விளக்கியிருக்கிறார். கால் வலியால் உட்கார்ந்திருந்தார் என்று எழுதுகிறவர்கள், சங்கம் நடத்திப் பழகிய ஒரு பெண்ணிடமிருந்து அவருடைய அறிவையே பறித்துவிடுகிறார்கள். தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போய் வருகிற எந்தத் தகப்பனாருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அதே ஊரில், அதே ஆண்டு மார்ச் மாதத்தில், கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி இடம் விட மறுத்துக் கைதானாள் என்பதும் நெடுங்காலம் புத்தகங்களில் இல்லாமல் இருந்தது. பிலிப் ஹூஸ் அவளைத் தேடிப் பிடித்துப் பேசி 2009-ல் எழுதிய நூலுக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தகப் பரிசு கிடைத்தது. பதினைந்து வயதுப் பெண் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை வரலாறு இருக்க முடியுமா?

ஹெலன் கெல்லரின் கதையையோ பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். குழாயடியில் கையில் நீர் விழ, "நீர்" என்ற சொல்லை அந்தக் குழந்தை கண்டுகொள்வதோடு பெரும்பாலான புத்தகங்கள் முடிந்துவிடும். அப்போது அவருக்கு ஆறு வயது. அதன்பின் எண்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1909-ல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். தொழிலாளர்களுக்காகவும் பெண்களின் ஓட்டுரிமைக்காகவும் எழுதினார். ஆலைகளில் ஏற்படும் விபத்துக்களாலும் வறுமையாலும் கண் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆராயப் புகுந்ததுதான் அவரை அந்தப் பாதைக்குக் கொண்டு சென்றது. 1955-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். ஆறு வயதோடு முடியும் புத்தகத்தைப் படிக்கும் பிள்ளை, இவையெல்லாம் நடந்தன என்பதையே அறியாமல் போகிறது.

எண்களும் கவனத்துக்கு உரியவை. அடிமைத்தளையிலிருந்து தப்பி, மீண்டும் மீண்டும் தெற்கே சென்று மற்றவர்களை மீட்டு வந்த ஹாரியட் டப்மன் 19 பயணங்களில் 300 பேரை விடுவித்தார் என்று பழைய நூல்கள் எழுதும். 1869-ல் அவரைப் பற்றி முதலில் நூல் எழுதிய சாரா பிராட்ஃபோர்டிடமிருந்து வந்த கணக்கு அது. கேட் கிளிஃபோர்ட் லார்சன் ஆவணங்களை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட நூலின்படி பயணங்கள் சுமார் 13. மீட்கப்பட்டவர்கள் சுமார் 70 பேர். எழுபது பேர் என்றதும் டப்மன் சிறுத்துவிட்டாரா? பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே பதின்மூன்று தடவை திரும்பிப் போனவர் அவர். எந்தப் புத்தகம் எந்த எண்ணைச் சொல்கிறது என்று பார்த்தால், அதை எழுதியவர் புதிய ஆராய்ச்சியைப் படித்தாரா, பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது.

அதுபோல இன்னொரு சோதனை, கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பது. தாம் எங்கிருந்து தெரிந்துகொண்டோம் என்பதை எழுதியவர் அங்கே சொல்லியிருக்கிறாரா? ஜீன் ஃபிரிட்ஸ் என்ற அம்மையார் இதில் முன்னோடி. பாதிரிமார் குடும்பத்தில் சீனாவில் பிறந்து, பதின்மூன்று வயது வரை தாம் காணாத தாய்நாட்டை நினைத்து ஏங்கியவர். வேற்றூரில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஏக்கம் அந்நியமானதல்ல. 1973-ல் பால் ரெவியரைப் பற்றி அவர் எழுதிய சின்னஞ்சிறு புத்தகத்தில் கற்பனை உரையாடல் ஒன்றுகூடக் கிடையாது. சிரிப்புக்கோ பஞ்சம் கிடையாது. 1775 ஏப்ரல் 18 இரவு ரெவியர் குதிரையேறி எச்சரிக்கை செய்யச் சென்றதை அமெரிக்கக் குழந்தைகள் லாங்ஃபெல்லோவின் பாட்டிலிருந்துதான் அறிந்திருந்தார்கள். கான்கார்ட் போய்ச் சேரும் முன்பே ரெவியர் பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் பிடிபட்டுவிட்டார் என்பதும், சேதியைக் கொண்டு சேர்த்தவர் பிரெஸ்காட் என்ற டாக்டர் என்பதும் பாட்டில் இல்லை. ஃபிரிட்ஸ் அதைச் சொல்கிறார். ரெவியர் அவசரத்தில் மறந்து போனவற்றையும் சொல்கிறார். பத்து வயதுப் பிள்ளை ரெவியரைப் பக்கத்து வீட்டுக்காரர் போல நேசிக்கத் தொடங்கிவிடும்.

நாவல் என்றால் நாவல் என்றே சொல்லிக்கொண்டு வருவதில் தீங்கில்லை. எஸ்தர் ஃபோர்ப்ஸ் 1943-ல் எழுதிய "ஜானி டிரிமெய்ன்" அந்த வகை. பால் ரெவியரைப் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதிய நூலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான் இந்த நாவல். வெள்ளிப் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவனின் கை, உருகிய வெள்ளியில் வெந்துபோகிறது. கை போனால் தொழில் போயிற்று. சுதந்திரப் போரைப் பற்றிய முழக்கங்களைவிட, வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கும் அந்தப் பையனின் அவமானம்தான் மனத்தில் நிற்கும்.

லாரா இங்கல்ஸ் வைல்டரின் புல்வெளி வீட்டுக் கதைகளைக் கொடுக்கும்போது பெற்றோர் சற்று உடனிருக்க வேண்டும். குடும்பப் பாசமும் உழைப்பும் நிறைந்தவை; சந்தேகமில்லை. ஆனால் 1935-ல் வந்த புத்தகத்தின் தொடக்கத்தில், அந்தப் பரந்த மேற்கு நிலத்தில் செவ்விந்தியர்கள் மட்டும் இருந்தார்கள், மனிதர்கள் இல்லை என்று பொருள்படும்படி எழுதப்பட்டிருந்தது. வாசகர் ஒருவர் கடிதம் எழுதிய பிறகுதான், 1953 பதிப்பில் "மனிதர்கள்" என்பது "குடியேறியவர்கள்" என்று மாறியது. பதினெட்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை! அதோடு சேர்த்து, ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிக் 1999-ல் எழுதிய "பிர்ச்பார்க் ஹவுஸ்" நாவலையும் கொடுத்தால், வந்தவர்களின் வீட்டையும் இருந்தவர்களின் வீட்டையும் பிள்ளை ஒருசேரப் பார்க்கும்.

அமெரிக்காவிலேயே இதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளி ஒன்றில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமி சர்க்கார் காவலர் புடைசூழச் சேர்க்கப்பட்டாள். மற்ற பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, ஆண்டு முழுவதும் அவள் ஒருத்திக்கு ஒரே ஆசிரியை பாடம் நடத்தினார். ரூபி தாமே எழுதிய அந்தக் கதையைச் சிறு வகுப்புகளில் வைக்கக்கூடாது என்று 2021-ல் டென்னஸி மாநிலத்தில் சில பெற்றோர் புகார் செய்தார்கள். ஆறு வயதில் அவள் அனுபவித்ததை ஏழு வயதுக் குழந்தைகள் படிக்கலாகாதாம். பெரியவர்களை வெட்கப்பட வைக்கும் புத்தகங்களைத்தான் பெரியவர்கள் முதலில் மறைக்கிறார்கள்.

அமெரிக்க வரலாறு ஜனாதிபதிகளின் வரலாறு மட்டும் அன்று. லிங்கனைப் படங்களோடு மெய்யாக அறிய 1987-ல் வெளியான ரஸ்ஸல் ஃப்ரீட்மனின் நூலைவிடச் சிறந்தது கிடைப்பது கடினம். அதே ஃப்ரீட்மன் 1994-ல், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் புகைப்படம் எடுத்து நாட்டின் கண்ணைத் திறந்த லூயிஸ் ஹைனைப் பற்றியும் எழுதினார். தறிக்கு முன்னால் நிற்கும் அந்தச் சிறுமிகளின் முகங்களைப் பார்க்கும் பிள்ளைகள், அமெரிக்கா பிறக்கும்போதே பணக்கார நாடாகப் பிறந்துவிடவில்லை என்பதை உணர்வார்கள்.

வீட்டுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், வேலை தேடி வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பத்துக்குப் பொருத்தமானது ஜெர்ரி ஸ்டான்லி 1992-ல் எழுதிய "சில்ட்ரன் ஆஃப் தி டஸ்ட் பவுல்". 1930-களில் ஓக்லஹாமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்து, மண் புழுதியாகப் பறந்து, நிலம் இழந்தவர்கள் கலிபோர்னியாவுக்கு ஓடினார்கள். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே நிறம். இருந்தும் "ஓக்கி" என்று வைது ஒதுக்கினார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகளைப் பின்னால் தரையில் உட்கார வைத்தார்கள். இந்த அகதிகளைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதிய நாவலை 1939-ல் கெர்ன் மாவட்ட நிர்வாகம் நூலகங்களிலிருந்தே விலக்கியது. அந்த மாவட்டத்தில் கல்வி அதிகாரியாக இருந்த லியோ ஹார்ட் என்பவர், மற்றப் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளை விரும்பாவிட்டால் இவர்களுக்கென்றே ஒரு பள்ளி வேண்டும் என்று தீர்மானித்தார். 1940-ல் அகதி முகாமை ஒட்டிய நிலத்தில், ஆசிரியர்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து தங்கள் கையாலேயே பள்ளியைக் கட்டினார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கால்நடை வளர்த்தார்கள், மரவேலையும் குழாய் வேலையும் கற்றார்கள், நீச்சல் குளம் ஒன்றையும் தாங்களே தோண்டினார்கள். பழைய விமானம் ஒன்றை வாங்கி நிறுத்தி அதில் இயந்திர வேலை பழகினார்கள். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அதைத் தரையில் ஓட்டிப் பார்க்கும் பேறு கிடைத்தது. சில ஆண்டுகளில், அந்தப் பிள்ளைகளைத் தங்கள் பள்ளியிலிருந்து விரட்ட நினைத்த ஊர்க்காரர்களே, தங்கள் பிள்ளைகளை ஹார்ட்டின் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு வந்தார்கள்.

எளிய ஆங்கிலம், நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும், படங்கள் நிறைய. பையன் ஏழாம் வகுப்பு என்றால் தானே படித்துவிடுவான். இரவில் அவனையே வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னால் தகப்பனாரும் கேட்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் அந்தக் கதை புரியும்.